சிறுபான்மையினருக்கான கல்வி உதவித்தொகையும் நலத்திட்டங்களும் ஏழை முஸ்லிம் குடும்பங்களை உண்மையிலேயே உயர்த்துகின்றனவா?

கேள்வியின் கீழே இன்னொரு வரியும் இருக்கிறது: "தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் முஸ்லிம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறாரே, அவர்களுக்கு எதற்கு உதவித்தொகை?" அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் கூத்தாநல்லூருக்குப் பக்கத்து ஊர்க்காரி. ராவுத்தர் குடும்பம். இதே திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் பள்ளியில் சிறுபான்மையினர் உதவித்தொகை வேலையைப் பல வருடங்களாக நான்தான் பார்க்கிறேன். அதனால் படிவத்தின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்: பிள்ளையாக நிரப்பிய பக்கமும், ஆசிரியையாகச் சரிபார்க்கும் பக்கமும்.

கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்பார்கள். பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று கப்பலேறிச் சம்பாதித்தவர்கள் கட்டிய பெரிய பெரிய வீடுகள் இன்றும் இருக்கின்றன. ஊருக்கு வருகிறவர்கள் பார்ப்பது அந்த முகப்புகளைத்தான். அதே வீட்டின் கொல்லைப்புறக் கதவு வழியாகப் போய்ப் பாத்திரம் தேய்க்கிற பெண்ணும் முஸ்லிம்தான். கல்யாண வீட்டில் தேக்சா என்கிற பெரிய சமையல் பாத்திரம் கழுவுகிறவர், தையல் மெஷினை வாடகைக்கு எடுத்துத் தைக்கிறவர், சைக்கிளில் மீன் விற்கிறவர் எல்லாரும் அதே பள்ளிவாசலில்தான் தொழுகிறார்கள். வெளிநாடு போனவர்கள் எல்லாரும் முதலாளியாகவும் போகவில்லை. என் அத்தா, அதாவது அப்பா, மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பதினோரு வருடம் பரோட்டா போட்டார். அனுப்பிய பணம் விசாவுக்கு வாங்கிய கடனுக்கும் அக்காவின் கல்யாணத்துக்கும் சரியாகப் போய்விட்டது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களுக்குப் படிப்பில் ஆர்வமே கிடையாது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு மாநிலச் சராசரியைவிட அதிகம். என் நன்னி, அதாவது பாட்டி, பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, ஆனால் அரபு எழுத்தில் அச்சடித்த தமிழை, அதாவது அரபுத்தமிழை, கடகடவென்று வாசிப்பார். ரேஷன் கடையில் மட்டும் கைநாட்டு. நாகூரில் 1938-லேயே நாவல் எழுதி வெளியிட்ட சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். நாச்சியார்கோவிலில் வளர்ந்த பா. தாவூத் ஷா பெண்கள் படிக்க வேண்டும் என்று பத்திரிகை நடத்திச் சண்டை போட்டார். திருச்சியில் 1951-ல் ஜமால் முகமது கல்லூரியும், அதிராம்பட்டினத்தில் 1955-ல் காதிர் முகைதீன் கல்லூரியும் வந்தன. ஆர்வம் எப்போதும் இருந்தது. பத்தாவதுக்கு அப்புறம் பிள்ளையைத் தொடர்ந்து அனுப்புவதற்குத்தான் ஏழை வீட்டில் தெம்பு இல்லை.

சரி, திட்டங்கள் என்ன செய்கின்றன? நான் பார்த்தவரையில் உதவித்தொகை ஒரு குடும்பத்தின் வறுமையைத் தீர்ப்பதில்லை. அந்தத் தொகைக்கு அவ்வளவு சக்தி கிடையாது. அது வீட்டில் நடக்கிற ஒரு பேச்சை ஒரு வருஷம் தள்ளிப்போடுகிறது. "போதும், நிறுத்திடலாம்" என்கிற பேச்சைத்தான் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு அப்படி மூன்று நான்கு தடவை தள்ளிப்போனால் அவள் பட்டதாரி.

எனக்கே அப்படித்தான் நடந்தது. நான் பிளஸ் டூ முடித்தது 2008-ல். முஸ்லிம்களின் கல்வி, பொருளாதார நிலையை ஆராய்ந்த சச்சார் குழுவின் அறிக்கை 2006 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்து, மத்திய அரசின் சிறுபான்மையினர் உதவித்தொகைகள் தொடங்கியிருந்த சமயம். தமிழ்நாட்டில் 2007 செப்டம்பர் 15 முதல் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது. பட்டப்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தது. பி.எட். இடம் அந்த 3.5-க்குள் கிடைத்தது. எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். அம்மா உதவித்தொகை வந்த வங்கிப் புத்தகத்தைக் குர்ஆன் வைக்கும் பலகையின் மேல் வைத்திருந்தார். யாராவது "பொட்டப்புள்ளைய எவ்வளவு நாள் படிக்க வைப்பீங்க" என்று கேட்டால், "கவர்மெண்டே பணம் குடுத்துப் படிக்கச் சொல்லுது, நான் எப்படிங்க நிறுத்துறது?" என்பார். அந்தப் பதிலுக்கு எதிர்ப்பேச்சு யாரிடமும் இல்லை.

இப்போது என் மாணவி ஒருத்தி. அவள் பேர் வேண்டாம். அவள் அத்தா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல்காரர். அம்மாவுக்கு ஆஸ்துமா. வீட்டில் நன்னியின் சொல்தான் சட்டம். 2023-ல் பிளஸ் டூ முடித்தாள், நல்ல மதிப்பெண். நன்னி மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். நான் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி கொடுத்தார், மரியாதையாகப் பேசினார், ஆனால் அசையவில்லை. "டீச்சரம்மா, காலேஜிக்குப் போவ வர பஸ்ஸு, புக்கு, துணிமணி, யாரு பாக்குறது? அவ அத்தா அனுப்புறது வட்டிக்கே சரியாப் போவுது" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு நான் கொடுத்த பதில் இரண்டு விஷயம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், அவள் கணக்குக்கே வரும். நன்னி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவ பேருலயா?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வந்து சேர்வதற்குள் பட்ட பாடு இருக்கிறதே! பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பேருக்கு முன்னால், ஆதாரில் பின்னால். எங்கள் சமூகத்தில் இது தீராத தலைவலி. ஒரே பெண் பள்ளியில் பாத்திமா, ஆதாரில் ஃபாத்திமா பீவி, வங்கியில் பாத்திமா கனி என்று மூன்று ஆளாக இருப்பாள். அரபுப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு விதமாக எழுதிவிடுகிறார்கள், கணினிக்கு அது வேறு ஆள். ஆதாருடன் இணைத்த கைபேசி எண் குவைத்தில் அத்தாவிடம் இருந்தது. ஓ.டி.பி. அங்கே போகும். அவர் சமையலறையில் நிற்கிற நேரம் இங்கே இ-சேவை மையம் திறந்திருக்கும், அவர் அறைக்குத் திரும்புகிற நேரம் இங்கே பூட்டியிருக்கும். மூன்று நாள் போராடிவிட்டு, கடைசியில் ஆதார் மையத்தில் விரல்ரேகை வைத்து எண்ணையே மாற்றினோம். அப்புறம் வங்கியில் ஆதார் இணைப்பு. ஒவ்வொரு இடத்துக்கும் அவளோடு அவள் தங்கையும் வந்தாள், ஒன்பதாம் வகுப்புச் சீருடையோடு.

திட்டம் நல்ல திட்டமாக இருந்தும் பணம் வராமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். படித்தவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். தகவல் சொல்லிவிட்டுப் போனால் போதாது.

நடைமுறையில் உதவும் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது "முஸ்லிம்" என்று மட்டும் எழுதிவிட்டு அலைகிறவர்கள் நிறைய. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் இருப்பது அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் என்ற பிரிவுகள். ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பைக்குள் அடக்கம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள்.

மனசு வலித்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2022 நவம்பரில், மத்திய அரசின் பள்ளி உதவித்தொகை இனி ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும்தான் என்று அறிவிப்பு வந்தது. எட்டாம் வகுப்பு வரை கட்டாயக் கல்விச் சட்டம் இருக்கிறதாம், அதனால் தேவையில்லையாம். நான் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விண்ணப்பங்களை ஏற்கெனவே சரிபார்த்து அனுப்பியிருந்தேன். வீட்டிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய் கணக்கில் பத்து மாதத்துக்கு, வருடத்துக்கு 1000 ரூபாய்தான் பராமரிப்புத் தொகை. பெரிய பணமா என்று கேட்கலாம். அந்தப் பணத்தில் ஜூன் மாதம் பை, செருப்பு, நோட்டு வாங்குகிற அம்மாக்களிடம் போய் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. "சரிங்க டீச்சர்" என்று நகலெடுத்த காகிதங்களை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் காகிதங்களுக்கு அவர்கள் ஒரு நாள் கூலியை விட்டிருந்தார்கள். அடுத்த மாதமே, ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையும் நிறுத்தப்பட்டதாகச் செய்தி. ஏணியின் கீழ்ப்படியையும் மேல்படியையும் ஒரே சமயத்தில் எடுத்துவிட்டார்கள். இது தவறு என்றே நினைக்கிறேன். இப்போதும் எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பதாக இருந்தாலும், இந்த வருடம் அது திறந்திருக்கிறதா என்று ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலப் பிரிவில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையன்கள் கதை வேறு. எங்கள் பக்கத்தில் பத்தாவது பாஸ் என்பதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு. பாஸ்போர்ட்டில் வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற முத்திரை விழாது. அதனால் பத்தாவதை முட்டி மோதிப் பாஸ் பண்ணுவார்கள், பதினெட்டு வயதுக்குக் காத்திருப்பார்கள், விமானம் ஏறிவிடுவார்கள். 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் சேரும் பையனுக்கும் மாதம் 1000 ரூபாய் உண்டு. ஆனால் வெளிநாட்டுச் சம்பளக் கனவுக்கு முன்னால் அது போட்டி போட முடியவில்லை. எங்கள் ஊரில் இன்று பெண்கள் டிகிரி, மாப்பிள்ளைகள் பத்தாவது. இதைப் பற்றிப் பள்ளிவாசல் ஜமாஅத்தில் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை, பேசியே ஆக வேண்டும்.

ஜமாஅத் என்றதும் ஒரு நல்ல செய்தி. ஊரில் ஸகாத் பணம், அதாவது வசதியுள்ளவர்கள் கொடுக்க வேண்டிய கட்டாயத் தர்மம், பைத்துல்மால் என்கிற பொது நிதியில் சேரும். ஏழைப் பெண் கல்யாணம், மருத்துவச் செலவு, நோன்பு மாதத்து உதவி என்று போகும். எல்லாம் தேவையான செலவுதான். சில வருடங்களுக்கு முன் நானும் இன்னும் மூன்று பெண்களும் நிர்வாகிகளுக்கு ஒரு கடிதம் எழுதினோம்: கல்யாணத்துக்குக் கொடுக்கும் மாதிரியே கல்லூரியின் முதல் பருவக் கட்டணத்துக்கும் கொடுங்கள் என்று. பெண்கள் கையெழுத்துப் போட்டுக் கடிதம் வருவது அவர்களுக்குப் புதிது. இரண்டு மாதம் பதிலே இல்லை. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கியில், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதியையும், கட்டணம் கட்ட முடியாதவர்கள் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னார்கள். வீட்டுக்குள் சமைத்துக்கொண்டிருந்த நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்று கேட்டேன். அந்த ஆண்டு நான்கு பிள்ளைகளுக்குக் கட்டினார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு வந்த இல்லம் தேடிக் கல்வியையும் விடக்கூடாது. சிறுபான்மையினருக்கென்று வந்த திட்டமல்ல, எல்லாருக்குமானது. ஆனால் எங்கள் தெருவில் அது செய்த வேலை எந்தச் சிறப்புத் திட்டமும் செய்யாதது. மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் மதிப்பூதியம் கொடுத்தார்கள். பிளஸ் டூவோடு நின்று கல்யாணமாகி, கணவர் சபுரில், அதாவது வெளிநாட்டில், இருக்கும் ஒரு பெண் தன் வீட்டுத் திண்ணையில் இருபது பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னாள். மாமியார் முதலில் முகம் சுளித்தார். மூன்றாவது மாதம் பார்க்கிறேன், பிள்ளைகளுக்குப் பாயை விரித்துப் போடுவதே மாமியார்தான். அந்தப் பெண் அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்து முடித்துவிட்டாள்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: உயர்த்துகின்றன, ஆனால் பணம் தானாக நடந்து வராது, இடையில் ஓர் ஆள் வேண்டும். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதும் உண்மைதான். அவர் அங்கே என்ன வேலை செய்கிறார், மாதம் எவ்வளவு அனுப்புகிறார் என்றும் கேளுங்கள்.

நான் சொன்ன அந்த மாணவி இப்போது திருவாரூரில் அரசுக் கல்லூரியில் படிக்கிறாள். தங்கை பத்தாவது முடித்ததும் அவர்கள் நன்னி என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். உட்காரக்கூட இல்லை. "டீச்சரம்மா, பெரியவளுக்கு வருதே அந்த ஆயிரம் ரூவா, அது சின்னவளுக்கும் வருமா?"

வரும், ஆனால் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே இருக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் வராது என்றேன்.

"அதெல்லாம் இருப்பா" என்றார்.