யெர்மோலவா: ஒரே அரங்கில் ஐம்பது ஆண்டுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்ய நாடகம் பற்றிய கட்டுரையில், நடிகை மரியா யெர்மோலவா மாஸ்கோவின் மாலி அரங்கில் ஐம்பது ஆண்டுகள் நடித்ததைப் பெரும் சாதனையாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். ஜார் அரசு சம்பளம் கொடுத்து நடத்திய அரங்கில் அரை நூற்றாண்டு நீடித்ததைக் கலைச் சாதனை என்பதா, உத்தியோகம் என்பதா? விளக்க வேண்டுகிறேன்.

ர.

அன்புள்ள ர.,

நியாயமான ஐயம்தான். மாலி அரசு அரங்கு. அதன் நடிகர்களுக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. ஆனால் யாருக்கு எந்த வேடம் என்பதையும் அங்கே நிர்வாகமே முடிவு செய்தது. ஆகவே நிர்வாகம் அவருக்குக் கொடுத்தது எது, அவரே தேடிக்கொண்டது எது என்று பிரித்துப் பார்ப்பதே முறை.

அவருடைய தந்தை அதே அரங்கில் பிராம்ப்டர், அதாவது நடிகர்களுக்கு மறைவிலிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பவர். மேடையின் முன்விளிம்பில், பார்வையாளருக்கு முதுகு காட்டிப் பதிந்திருக்கும் சிறு கூண்டில் தந்தையின் அருகே அமர்ந்துதான் அவர் சிறுமியாக நாடகங்களைப் பார்த்தார். நாடகப் பள்ளியில் பாலே வகுப்பில் சேர்த்தார்கள். அங்கே அவர் சோபிக்கவில்லை. 1870 ஜனவரியில் லெஸ்ஸிங்கின் 'எமிலியா கலோத்தி'யில் நடிக்கவிருந்த நடிகை ஃபெடோதவா நோயுற்றபோது, மூத்த நடிகை மெத்வேதெவா இந்தப் பதினாறு வயதுப் பெண்ணைத் துணிந்து மேடையேற்றினார். அரங்கம் ஆர்ப்பரித்தது. அத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகும் அடுத்த சில ஆண்டுகள் நிர்வாகம் அவருக்குப் பெரும்பாலும் கொடுத்தவை சில்லறை வேடங்களும், அவருக்குச் சற்றும் பொருந்தாத நகைச்சுவை வேடங்களுமே. 1873இல் ஆஸ்திரோவ்ஸ்கியின் 'புயல்' நாடகத்தில் கத்தரீனாவாக நடித்த பிறகுதான் நிலைமை மாறியது.

அந்த அரங்குகளில் 'பெனிஃபிட்' என்றொரு வழக்கம் இருந்தது. குறிப்பிட்ட ஓர் இரவின் வசூல் ஒரு நடிகருக்கே சேரும். நாடகத்தையும் அவரே தேர்ந்தெடுக்கலாம். 1876 மார்ச்சில் தமக்குக் கிடைத்த அத்தகைய இரவுக்கு யெர்மோலவா தேர்ந்தது, கொடுங்கோல் தளபதிக்கு எதிராக ஒரு ஸ்பானியக் கிராமமே கிளர்ந்தெழுவதைச் சொல்லும் லோப் தெ வேகாவின் 'ஃபுவென்தே ஒவேகூனா'. மானபங்கத்துக்கு ஆளான லௌரென்சியா தலைவிரி கோலமாக ஊர்ச்சபைக்குள் நுழைந்து, கூடியிருக்கும் ஆண்களைக் கோழைகள் என்று சாடும் இடம்தான் அந்த நாடகத்தின் உயிர். மாணவர்கள் கொந்தளித்தார்கள், சில முறை மேடையேறியதோடு நாடகம் நிறுத்தப்பட்டது. உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பவர் இந்த நாடகத்தின் பக்கமே போயிருக்க மாட்டார்.

1884இல் ஏற்ற வேடம் ஷில்லரின் நாடகத்தில் வரும் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க். சிறைக்கோபுரத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு நிற்கும் ஜோன், சுவர்மேல் நின்று ஒரு வீரன் சொல்லச் சொல்லப் போரின் போக்கைக் கேட்டறிந்து, இறைவனை வேண்டித் தளையை அறுத்துக்கொண்டு ஓடும் அந்தக் கட்டத்தில், கண்ணெதிரே நடக்காத ஒரு போரைக் கேட்பவளின் முகத்தில் பார்வையாளர் காண வேண்டும். அதை அவர் ஐம்பது வயதை நெருங்கும்வரை நடித்தார். அவ்வயதில் பதின்வயதுப் பெண்ணாக நடிப்பதை இன்று நாம் கேலி செய்வோம். அன்றைய துன்பியல் அரங்கு குரலையும் நிமிர்வையும்தான் பார்த்தது. 1905இல் செரோவ் தாழ்ந்த கோணத்திலிருந்து வரைந்த ஓவியத்தில், கறுப்பு உடையில் தூண்போல் எழுந்து நிற்பவரிடம் நீங்களும் அந்த நிமிர்வைக் காணலாம்.

1920இல் பொன்விழா எடுத்து, குடியரசின் மக்கள் கலைஞர் என்ற பட்டத்தை முதன்முதலாக அவருக்கே அளித்தார்கள். நான் அதைவிட முக்கியமாகக் கருதுவது 1907. கதாநாயகி வேடங்களுக்குரிய காலம் கடந்துவிட்டது என்று தாமே உணர்ந்து, புகழின் உச்சியில் அவர் மேடையை விட்டு விலகினார். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் திரும்பியபோது, தாய்மாரின் வேடங்களை ஏற்றார். ஆஸ்திரோவ்ஸ்கியின் நாடகமொன்றில், இறந்துவிட்டதாக நம்பிய மகனைப் பல்லாண்டுகளுக்குப் பின் கண்டடையும் நடிகை குருச்சினினா அவற்றுள் ஒன்று. நீங்கள் சொல்லும் உத்தியோகமாக மட்டும் அது இருந்திருந்தால், அந்த விலகலுக்கு எந்தத் தேவையும் இருந்திருக்காது. அவரை வெளியேறச் சொல்லும் துணிவு மாலியில் யாருக்கும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்