டாக்டர் சொன்னா சரி

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் உயிர்மருத்துவத்தில் இளங்கலை முடித்துவிட்டு ஈப்போவில் ஒரு தனியார் லேபில் வேலை செய்கிறேன். மருத்துவத்தையும் தத்துவத்தையும் சேர்த்துப் படிக்க ஆசை. அமெரிக்காவில் எம்டி-பிஎச்டி என்று இரண்டையும் ஒன்றாகத் தருகிறார்களாம். வீட்டில் சொன்னால், "டாக்டருக்குப் படி, சரி. அது என்ன தத்துவம், சாமியாராகப் போறியா?" என்கிறார்கள். எந்தத் தேர்வு எழுதுவது, பணத்துக்கு என்ன வழி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

போன வருடம் பாட்டிக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) முற்றிக் காலை எடுத்தார்கள். டாக்டர் மலாயில் விளக்கினார், மாமா தலையாட்டினார், பாட்டி "டாக்டர் சொன்னா சரி" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார். அது சம்மதம்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகி

---

அன்புள்ள மகளுக்கு,

நமக்குள் நாற்பது வயது வித்தியாசம் இருக்கும் போலிருக்கிறது, அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். நான் டாக்டரும் இல்லை, தத்துவம் படித்தவனும் இல்லை. அரசு மருத்துவமனை லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு கதைக்காக இந்த விஷயத்தைப் படிக்கப் போய் மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

முதலில் பணத்தைப் பேசிவிடலாம். அமெரிக்காவில் எம்டி-பிஎச்டிக்கு 1964 முதல் அரசின் தேசியச் சுகாதாரக் கழகங்கள் உதவித்தொகை தருகின்றன. அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். அதிலும் பெரும்பகுதி லேப் ஆராய்ச்சிக்குப் போய்விடும். தத்துவத்தைப் பிஎச்டி பாடமாக எடுக்க விடும் இடங்கள் கொஞ்சம்தான். வெளிநாட்டு மாணவர்களை எடுக்காத மருத்துவக் கல்லூரிகளும் நிறைய. இரண்டும் சேர்ந்து முடிய எட்டு வருடம் சர்வசாதாரணம். நம் அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். ஆக, அந்த ஒரு வாசலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதே.

பக்கத்தில் சிங்கப்பூர் இருக்கிறது. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி பட்டதாரிகளை எடுத்து நான்கு வருடத்தில் எம்டி தருகிறது. மருத்துவச் சேர்க்கைத் தேர்வுகளில் எம்கேட் அல்லது கேம்சேட் எழுதலாம். அங்கே பிஎச்டியும் சேர்த்துப் படிக்கலாம், ஆனால் அது உயிர்மருத்துவம் சார்ந்தது, தத்துவம் இல்லை. எம்கேட்டில் ஒரு பகுதிக்கு 90 நிமிடம், 53 கேள்வி. அறிவியல் ஒரு துளி கிடையாது, இலக்கியம், வரலாறு, தத்துவம் என்று பத்திகளைக் கொடுத்து வாதத்தைப் பிரிக்கச் சொல்வார்கள். அறிவியல் மாணவர்கள் பலர் வழுக்கி விழும் இடம் அது. எந்த நாட்டில் மருத்துவம் படித்தாலும் அந்தப் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் ஏற்குமா என்று முதலில் பார்த்துவிடு. இதில் ஏமாந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சரி, ஒன்றாகத்தான் படிக்க வேண்டுமா? கார்ல் யாஸ்பர்ஸ் மனநல மருத்துவராக இருந்தவர். தத்துவத்தில் பட்டமே வாங்காமல் 1922இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் ஆனார். ஜார்ஜ் காங்கிலெம் தலைகீழ். தத்துவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே மருத்துவம் படித்து 1943இல் அதில் முனைவர் ஆனார். ஒன்றை முடித்து இன்னொன்றுக்குப் போவது கௌரவக் குறைவு இல்லை. என்னைக் கேட்டால் உனக்கு மருத்துவம் முதலில். வீட்டிலும் சாமியார் பயம் கொஞ்சம் தணியும்.

ஆனால் மருத்துவத்துக்குக் காட்ட உன்னிடம் மதிப்பெண் இருக்கிறது, லேப் அனுபவம் இருக்கிறது. தத்துவத்துக்கு என்ன இருக்கிறது? அங்கே சேர்க்கைக் குழு முதலில் புரட்டுவது உன் எழுத்தை. பதினைந்து, இருபது பக்கத்தில் ஒரே கேள்வியை எடுத்து, எதிர்வாதத்தையும் நேர்மையாக வைத்து, ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். லேப் ரிப்போர்ட் எழுதிய கைக்கு இது லேசில் வராது. உன் தயாரிப்பு இதுதான், அதற்குக் கேள்வி ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது. கடிதத்தின் வாலில் ஒட்டி அனுப்பியிருக்கிறாய்.

உன் பாட்டியின் அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது. என் அம்மாவும் அதையேதான் சொல்வார். எங்கள் ரப்பர் தோட்டத்தில் டாக்டர் என்றால் டிரஸர், மருந்து கொடுக்கும் உதவியாளர். அவர் அறையில் எனாமல் தட்டு, நீல மருந்து, மூன்று பெரிய ஜாடிகளில் தண்ணீர் மருந்து. சீசாவை நாம்தான் கொண்டுபோக வேண்டும். காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிச் சீசாவில் ஒட்டிக் கொடுப்பார், ஒரு பல்லுக்கு ஒரு வேளை. மருந்தைவிடப் பெரிய விஷயம் அவர் எழுதிக் கொடுக்கும் சிட்டு. அது இருந்தால் நீ நோயாளி. இல்லாவிட்டால் காய்ச்சல் கொதித்தாலும் விடிகாலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டும், பால் பிடிக்கும் மங்கும் வாளியும் காத்திருக்கும். ஒரு முறை அம்மாவுக்குச் சிட்டு கிடைக்கவில்லை. "என்னம்மா சொன்னார்?" என்று கேட்டேன். "போலாம்னாரு. அவரு சொன்னா சரி" என்றார். அன்று மதியம் பால் வாளியோடு மர நிரையில் விழுந்தார்.

இப்போது சொல், உன் பாட்டி சொன்ன "சரி" எந்தச் சரி? மருத்துவரை நம்பிச் சொன்னதா, மறுத்துப் பழக்கமில்லாத வாயிலிருந்து தானாக வந்ததா?

சட்டம் ஒரு பாதியைப் பேசிவிட்டது. 2006 கடைசியில் ஃபூ ஃபியோ நா வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம், நோயாளிக்கு ஆபத்துகளைப் போதுமான அளவு சொன்னார்களா என்பதை மருத்துவர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது என்றது. அது சொல்பவரின் கடமை. கேட்பவருக்குள் என்ன நடக்கிறது என்பதை எந்த நீதிமன்றமும் எளிதில் எட்டிப் பார்த்துவிட முடியாது. அங்கேதான் உன் கட்டுரை ஆரம்பிக்கும். ஒனோரா ஓ'நீல் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதியைப் படி. சம்மதம் கேட்பதன் முக்கியத்துவம் நோயாளியின் சுயாட்சியில் இல்லை, அவரை ஏமாற்றவோ கட்டாயப்படுத்தவோ இல்லை என்று உறுதிசெய்வதில் இருக்கிறது என்பது அவர் வாதம். அப்படிப் பார்த்தால் பாட்டியை யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் கட்டாயம்? அந்த அறையில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஐம்பது வருடப் பெரட்டு கட்டாயப்படுத்தியது என்றால் அதைக் கணக்கில் எடுப்பதா, வேண்டாமா?

ஒரு எச்சரிக்கை. பாட்டியைப் பரிதாபப் பொருளாக்கிவிடாதே. "இதையெல்லாம் நீங்களே பாருங்கள்" என்று தெரிந்தே மகனிடமும் டாக்டரிடமும் பொறுப்பை ஒப்படைப்பதும் ஒரு முடிவுதான். படித்தவர்களும் அதைச் செய்கிறோம், நானே என் கண் ஆபரேஷனுக்குப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன். என் சம்மதத்தை யாரும் சந்தேகப்படவில்லை, நான் பேனாவால் போட்டேன் என்பதாலோ என்னவோ. இந்த இரண்டு பக்கமும் கட்டுரையில் மோத வேண்டும்.

வாசிக்க, ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசம். அதில் தெரிவிக்கப்பட்ட சம்மதம் பற்றிய கட்டுரையில் தொடங்கு. ஆள் வேண்டுமென்றால் மலாயா பல்கலைக்கழக அறிவியல் புலத்தில் அறிவியலின் வரலாறும் தத்துவமும் நடத்தும் துறை இருக்கிறது, அங்கே ஓர் ஆசிரியருக்கு எழுது. பரிந்துரைக் கடிதம் கேட்டு எழுதாதே, கேள்வியை எழுது.

அப்புறம் ஒன்று. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். டாக்டர் என்ன சொன்னார், மாமா என்ன செய்தார் என்றெல்லாம் இருக்கிறது. பாட்டியிடம் நீ கேட்டதாக எங்கும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேள். அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வை.

அன்புடன்,
இந்தத் தளத்துக்காரன்