கடல் கடந்து படிக்கப் போகும் பிள்ளைகள்: வடசென்னைக் குடும்பங்களின் கேள்விகளும் பதில்களும்

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை பல வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். அங்கே சிக்கலோடு வந்த நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் சட்டத்தை மீற நினைத்தவர்கள் அல்லர். அறைத் தோழனையும் ஏஜென்டையும் கேட்டு நடந்தவர்கள். கேட்க வேண்டிய அலுவலகம் இரண்டு கட்டடம் தள்ளி இருந்தும், பயத்தில் வாசல் ஏறாதவர்கள்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தந்தை: மகன் கனடாவுக்கு விண்ணப்பிக்கிறான். வங்கிக் கணக்கில் பணம் போதவில்லை. "நாங்களே பணம் போட்டுக் காட்டுகிறோம், விசா வந்ததும் எடுத்துக்கொள்கிறோம், கமிஷன் கொடுத்தால் போதும்" என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா அம்மா?

வேண்டாம் ஐயா. விண்ணப்பத்தில் இருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் உங்கள் மகன்தான் பொறுப்பு. பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவானால் கனடா 5 ஆண்டுகளுக்குக் கதவை அடைத்துவிடும். பிரிட்டனில் இது 10 ஆண்டுகள் வரை போகும். அமெரிக்காவில் ஆயுள் முழுக்கத் துரத்தும். 2023-இல் போலி அனுமதிக் கடிதத்தால் இந்திய மாணவர்கள் பலர் கனடாவில் நாடுகடத்தும் நடவடிக்கைக்கு ஆளானது செய்திகளில் வந்தது. படிப்பை முடித்து வேலைக்கும் போய், நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்தபோதுதான் பலருக்குக் கடிதம் போலி என்பதே தெரிந்தது. தாங்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்று நிரூபிக்கும் பாரமும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் கனடா அரசு கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கிறது.

வங்கி தரும் கல்விக் கடனையே பண ஆதாரமாகக் காட்ட முடியும். அந்த வழியைப் பாருங்கள். விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் ஏஜென்டிடம் மட்டும் இருந்தால் இன்றே வாங்கி மகனிடம் கொடுங்கள்.

எண்ணூர் மாணவி, இப்போது மெல்போர்னில்: அக்கா, ஓர் உணவகத்தில் மணிக்கு 13 டாலர் கையில் தருகிறார்கள். வாரம் 30 மணி நேரம் வேலை. கூட்டிக் கேட்டால், "நீ அதிக நேரம் வேலை செய்வதைக் குடிவரவுத் துறைக்குச் சொல்லிவிடுவேன்" என்கிறார் முதலாளி.

இந்தக் கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இரண்டும் கலந்துவிடுவதால்தான் முதலாளிக்கு இவ்வளவு தைரியம்.

முதலில் உன் பொறுப்பு. படிப்பு நடக்கும் காலத்தில் எந்த இரண்டு வாரத்தை எடுத்தாலும் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. விடுமுறையில் வரம்பு இல்லை. வாரம் 30 மணி என்றால் இரண்டு வாரத்தில் 60. அதை உடனே குறைத்துவிடு.

அடுத்து உன் உரிமை. விசா நிபந்தனையை மீறியதால் நீ உழைத்த உழைப்புக்குக் கூலி இல்லை என்று ஆகிவிடாது. ஆஸ்திரேலியாவின் கூலிச் சட்டம் வெளிநாட்டு மாணவருக்கும் அப்படியே பொருந்தும். 2025 ஜூலையில் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் ஆனது, நிரந்தரம் இல்லாத கேஷுவல் வேலை என்றால் அதன் மேல் 25 சதவீதம். குறைத்துக் கொடுத்ததை 6 ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்கலாம். விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவதை 2024 ஜூலை முதல் அங்கே குற்றமாகவே ஆக்கியிருக்கிறார்கள். ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் என்ற அரசு அமைப்பிடம் போ. செலவு எதுவும் இல்லை. சுரண்டலுக்கு ஆளாகி உதவி கேட்டு வருபவரை விசா ரத்திலிருந்து காக்கும் ஏற்பாடும் இருக்கிறது. இனி நிபந்தனையை மீற மாட்டேன் என்று நீ ஒப்புக்கொள்ள வேண்டும்.

கையில் கூலி வாங்குபவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. அதனால் ஒரு சின்ன நோட்டில் தேதி, கடைக்குள் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம், கையில் வந்த தொகை ஆகிய நான்கையும் அன்றன்றே எழுதி வை. ஷிப்ட் பற்றி முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதே. புகார் என்று வரும்போது நிற்கப் போவது அந்த நோட்டும் செய்திகளும்தான்.

பெரம்பூரிலிருந்து ஒரு தாய்: மகன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான். சில வாரங்களாகச் சரியாகப் பேசவில்லை, வகுப்புக்கும் போகவில்லை போலிருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு எழுதினால், எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள். கட்டணம் கட்டியது நாங்கள்தானே அம்மா?

உங்கள் வேதனை புரிகிறது அம்மா. அங்கே 1974-இல் வந்த ஒரு சட்டப்படி, கல்லூரி மாணவரின் மதிப்பெண், வருகை விவரங்கள் எல்லாம் அவருக்கே சொந்தம். பணம் கட்டியவர் நீங்கள் என்பதற்காக அவர்கள் தர மாட்டார்கள். மகன் எழுதிக் கொடுத்தால் தருவார்கள்.

ஆனால் நீங்கள் அவர்களுக்குத் தகவல் சொல்ல எந்தத் தடையும் இல்லை. "மகனைப் பற்றிக் கவலையாக இருக்கிறது, யாராவது நேரில் போய்ப் பாருங்கள்" என்று சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதுங்கள், அதற்கு ஆள் அனுப்புவார்கள். நிலைமை மோசமாகத் தெரிந்தால் பல்கலைக்கழகக் காவல் பிரிவையே அழைக்கலாம்.

மகனிடம் ஒன்றை மட்டும் கோபம் இல்லாமல் சொல்லுங்கள். சொல்லாமல் வகுப்பை விட்டால் அவனுடைய எஃப்-1 என்ற மாணவர் விசாத் தகுதி போய்விடும். சொல்லி அனுமதி வாங்கிவிட்டு விட்டால் போகாது. மருத்துவரோ உளவியல் மருத்துவரோ கடிதம் கொடுத்தால், குறைந்த பாடங்களோடோ பாடமே இல்லாமலோ இருக்க அந்த அலுவலகம் அனுமதிக்கலாம். ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை இது உண்டு. அனுமதி முதலில், பாடத்தை விடுவது பிறகு. இந்த வரிசை மாறியதால் நல்ல பிள்ளைகள் ஊர் திரும்ப நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மனம் உடைந்ததைச் சொல்ல அவர்கள் வெட்கப்பட்டதுதான் காரணம். "மார்க் என்ன ஆச்சு" என்ற கேள்வியைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள் அம்மா.

தண்டையார்பேட்டை மாணவர், டெக்சாஸில்: நண்பரின் கணக்கில் உணவு டெலிவரி ஓட்டலாமா அக்கா? சம்பளம் அவர் பெயரில்தானே வரும்?

கூடாது தம்பி. எஃப்-1 மாணவருக்கு உண்டானது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேர வேலை. வெளியே வேலை என்றால் அனுமதி வேண்டும். அடுத்தவர் பெயரில் ஓட்டினால் உன் தவறோடு அவர் தவறும் சேர்ந்துகொள்ளும். ஒரு கல்வியாண்டு முடிந்தபின் எதிர்பாராத பண நெருக்கடி வந்தால், அதைக் காட்டி வெளி வேலைக்கு அனுமதி கேட்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதைக் கேள்.

பழைய வண்ணாரப்பேட்டை மாணவி, லண்டனில்: வீட்டைக் காலி செய்துவிட்டேன். சுவரில் கறை என்று சொல்லி முன்பணத்தைத் தர மறுக்கிறார்கள்.

நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய கண்ணுக்கு அங்குள்ள சட்டம் வியப்பாகத்தான் இருக்கும். இங்கிலாந்தில் சாதாரண வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்கியதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த காப்புத் திட்டத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால், முன்பணத்தைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை உனக்குத் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். பதிந்திருந்தால் அந்தத் திட்டமே இலவசமாகத் தகராறைத் தீர்க்கும்; கறை உன்னால் வந்தது என்று காட்ட வேண்டியது வீட்டுக்காரர். வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தால் மட்டும் இந்தக் காப்பு பொருந்தாது. குடியேறிய அன்று எடுத்த படங்கள் உன் போனில் இருக்கின்றனவா என்று தேடு.

பெயரும் பேட்டையும் வேண்டாம் என்று கேட்ட மாணவர், அமெரிக்காவில்: கடையில் தானாகவே பில் போடும் இயந்திரத்தில் சில பொருட்களை ஸ்கேன் செய்யாமல் எடுத்தேன். போலீஸ் பிடித்து நீதிமன்றத்துக்கு வரச் சொல்லியிருக்கிறது. அபராதம் கட்டிவிட்டால் முடிந்துவிடுமா?

முடியாமல் போகலாம் தம்பி, அதனால் அவசரப்படாதே. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது அந்த நீதிமன்றத்துக்குச் சின்ன வழக்கு. உன் விசாவுக்கு அது திருட்டு வழக்கு. ஒப்புக்கொள்வதால் குடியேற்ற விஷயத்தில் என்ன விளையும் என்பதை வெளிநாட்டவருக்கு எடுத்துச் சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கு. குடியேற்றச் சட்ட வழக்கறிஞர் ஒருவரையும் பார். பேசாமல் இருக்கவும் வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்கவும் உனக்கு உரிமை உண்டு. காவலில் வைத்தால் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லலாம். 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு அதைத் தருகிறது. நீதிமன்றத் தேதியை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிடாதே.

ராயபுரம், துறைமுகத்தில் ஓய்வு பெற்றவர்: மகள் படிப்புக்காக வீட்டை அடமானம் வைத்தேன். அவளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

கடனில் நீங்களும் கையெழுத்திட்டவர் என்றால், வங்கிக்கு நீங்களும் கடனாளிதான் ஐயா. பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது. வட்டி மட்டும் ஓடும். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கடன் வாராக் கடனாகும். பிறகு 2002-ஆம் ஆண்டு சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துத்தான் வீட்டின்மேல் கை வைக்க முடியும். அந்த நோட்டீசுக்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் 15 நாளுக்குள் வங்கி பதில் தர வேண்டும். அதுவரை காத்திருக்காதீர்கள். தவணை நிற்பதற்கு முன்பே கிளைக்குப் போய், தவணைக் காலத்தை நீட்டிக்கும்படி எழுதிக் கொடுங்கள். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்குங்கள்.

ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்: வெளிநாட்டு மாணவர் ஒருவர் மாடிப் பகுதியை வாடகைக்குக் கேட்கிறார். கொடுத்தால் எனக்குப் பிரச்சினை வருமா?

தாராளமாகக் கொடுங்கள். அவர் வந்த 24 மணி நேரத்துக்குள், முன்பு 'சி' படிவம் எனப்பட்ட, தங்கும் வெளிநாட்டவர் பற்றிய படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டியது உங்கள் வேலை. பாஸ்போர்ட், விசாப் பக்கங்களின் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால், நாட்டுக்குள் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியது அவர் வேலை. புதிதாக வந்தவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், கொஞ்சம் நினைவுபடுத்துங்கள். வாடகை ஒப்பந்தத்தை நம்மவருக்குச் செய்வது போலவே எழுத்தில் போட்டு, தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி பதிவு செய்யுங்கள். அட்வான்ஸுக்கு ரசீது கொடுங்கள்.