மலைக்கிராமத்தில் இருக்கும் அப்பாவுக்கு டச் போன் வாங்கித் தரலாமா?

கேள்வி: "நான் கோவையில் வேலை பார்க்கிறேன். அப்பா மன்னவனூர் பக்கம் விவசாயம் செய்கிறார், இன்னும் பட்டன் போன்தான். 15,000 ரூபாய்க்குள் புதிதாக ஒரு டச் போன் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். மலையில் அது சரிப்படுமா? நல்லது கெட்டது என்ன?"

உங்கள் நிலைமையில்தான் போன வருடம் நானும் இருந்தேன். எனக்குத் திண்டுக்கல்லில் வேலை. அப்பாவும் அம்மாவும் கொடைக்கானல் மலையில், பூம்பாறையில். பூண்டு, உருளைக்கிழங்கு, கொஞ்சம் கேரட். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவுக்கு ஒரு டச் போன் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிலிருந்து ஒரு குளிர்காலமும் ஒரு மழைக்காலமும் போய்விட்டன. அதனால் கடைக்காரர் சொல்லாததைச் சொல்கிறேன்.

கடையில் போய் நின்றால் கேமரா எத்தனை மெகாபிக்சல், ரேம் எவ்வளவு என்றுதான் ஆரம்பிப்பார்கள். மலையில் அந்த இரண்டும் கடைசிக் கவலை. முதல் கவலை திரை. அடுத்தது டவர்.

திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதித் தொல்லை ஏன் வருகிறது என்று புரிந்துவிடும். கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்வலை மாதிரி ஓர் அடுக்கு இருக்கிறது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் விரல் வைத்த இடத்தில் மின்புலம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் போன் 'தொட்டார்கள்' என்று எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதற்குக் கணக்கே இல்லை. ரொம்ப முன்பு வந்த சில டச் போன்களில் நகத்தாலோ குச்சியாலோ அழுத்தினால் போதும். அது வேறு வகை, இப்போது போனில் வருவதில்லை.

இப்போது மலைக்கு வாருங்கள். பூம்பாறையில் சாயங்காலம் மேகம் இறங்கினால் வாசலில் நிற்கிறவர் புருவத்தில் நீர் கோத்துவிடும். அதே ஈரம் திரையிலும் படியும். தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஒரு துளி உருண்டால் போனுக்கு அது விரலா துளியா என்று தெரியாது. ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு, அப்பா சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்த போன் தானாகவே என் சித்தப்பாவைக் கூப்பிட்டுவிட்டது. சித்தப்பா பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். கம்பளிக் கையுறையின் கதை இதற்கு நேர்மாறு: மின்சாரம் கடத்தாது, அதனால் எத்தனை தடவை தேய்த்தாலும் திரை அசையாது. கையுறையைக் கழற்றினாலும், மண்ணில் வேலை செய்து காய்ப்பு ஏறிய வறண்ட விரலுக்குத் திரை பாதி நேரம் காது கொடுப்பதில்லை. அப்பா சொன்னது இது: "தொட்டாச்சிணுங்கியாவது தொட்டாத்தான்டா சுருங்கும். இது தொட்டா சும்மா கெடக்கு, தொடாதப்ப ஆடுது."

அவராகவே ஒரு வழியும் கண்டுபிடித்தார். பனிக்காலத்தில் ஒரு காலை, இரண்டு கையிலும் கையுறை, போன் அடிக்கிறது. போனை முகத்துக்கு நேரே தூக்கி மூக்கு நுனியால் இழுத்தார். எடுத்துவிட்டது! மூக்கும் தோல்தானே. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

மூக்கு வரைக்கும் போகாமல் சமாளிக்க வழி இருக்கிறது. சில போன்களில் அமைப்புகளுக்குள் போனால் தொடு உணர்திறனைக் கூட்டும் வசதி இருக்கும்; மெல்லிய கையுறைக்கு அது போதும். 2012-ல் வந்த நோக்கியா லூமியா 920 கையுறை போட்ட விரலுக்கும் வேலை செய்தது, ஆக இது ஒன்றும் ஆகாத காரியம் இல்லை. ஆனால் மலிவு விலைப் போன்களில் எல்லாவற்றிலும் இந்த வசதி கிடையாது, கடையிலேயே கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, அழைப்பை 'இழுத்து எடுப்பது' வயதானவர்களுக்குப் பெரிய இம்சை. இழுப்பதற்குள் மணி நின்றுவிடும். ஒலி கூட்டும் பட்டனை அமுக்கினாலே அழைப்பை எடுக்கும் வசதி சில போன்களில் உண்டு. அப்பாவுக்கு அதைப் போட்டுக் கொடுத்த அன்றைக்குத்தான் நான் கூப்பிட்டால் போனை எடுக்க ஆரம்பித்தார். அதுவரை அவர் கோபமாக இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கைரேகைப் பூட்டை நம்பாதீர்கள். விவசாயி விரலில் ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடையில் விரல் வைத்து வைத்துப் பார்த்து அவர் ஏற்கெனவே நொந்துபோனவர். போனிலும் அதே கதை. நான்கு இலக்க எண்ணைப் போட்டுக் கொடுங்கள், அது போதும்.

சரி, டவர். எங்கள் பக்கம் சிக்னல் என்று யாரும் சொல்வதில்லை, டவர்தான். 'டவர் நிற்குது', 'டவர் ஓடிப்போச்சு'. பழைய பட்டன் போனில் பேச முடிந்த இடத்தில் புதுப் போனில் ஏன் பேச முடியவில்லை என்று அப்பா கேட்டபோது முதலில் எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் வரை சக்தியை வெளியிடலாம். 4ஜி போனுக்குப் பொதுவாக உச்சமே 0.2 வாட்தான். அதோடு அலைவரிசை எண் கூடக் கூட அலை மலைமுகட்டைச் சுற்றி வளைந்து வருவது குறையும், மரமும் சுவரும் அதிகமாக விழுங்கிவிடும். 4ஜி பெரும்பாலும் 1800, 2100, 2300 என்று மேலே ஓடுகிறது. ஆக, பள்ளத்தில் இருக்கும் எங்கள் பூண்டுத் தோட்டத்தில் பழைய போன் பேசியதில் மாயம் ஒன்றும் இல்லை.

அதனால் பெட்டியிலோ நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ 'பேண்ட்' பட்டியலை, அதாவது போன் எந்தெந்த அலைவரிசையைப் பிடிக்கும் என்பதை, கட்டாயம் பாருங்கள். பேண்ட் 28 (700 மெகாஹெர்ட்ஸ்), பேண்ட் 5 (850), பேண்ட் 8 (900), இந்தத் தாழ்ந்த எண்கள்தான் மலைக்காரனுக்குச் சாமி. பி.எஸ்.என்.எல். 4ஜி 700, 2100 இரண்டிலும் வருகிறது. போனில் பேண்ட் 28 இல்லையென்றால் அதில் நல்ல பாதியை இழந்துவிடுவீர்கள். 5ஜிக்காகத் தனியாகப் பணம் கூட்டிக் கொடுக்க வேண்டாம். அதில் பெரும்பகுதி 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஓடுவது, ஒரு வளைவு திரும்பினால் காணாமல் போகும். 15,000 ரூபாய்ப் போன்களில் பெரும்பாலும் அது இருக்கத்தான் செய்யும், இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் வாங்கிக் கொடுத்ததில் உண்மையிலேயே பெரிய லாபம் என்று சொன்னால் வைஃபை வழி அழைப்புதான். நம் நாட்டில் இது 2019 டிசம்பரில் வந்தது. வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால், டவர் சுத்தமாக இல்லாத மச்சுக்குள் உட்கார்ந்தும் சாதாரண எண்ணில் பேசலாம், தனிச் செயலி எதுவும் வேண்டாம். எங்கள் வீட்டின் கல்சுவருக்குள் எந்த டவரும் நுழையாது. முன்பெல்லாம் நான் கூப்பிட்டால் அப்பா மப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசல் மேட்டுக்கு ஓடுவார். இப்போது அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே பேசுகிறார். கரண்ட் போனால் மோடமும் போய்விடும் என்பதுதான் சிக்கல். அதற்கு 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கி வையுங்கள். போன் செலவோடு அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அடுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. வெளிக்குளிரில் கிடந்த போனை உள்ளே கொண்டுவந்து, கொதிக்கும் பானைக்குப் பக்கத்தில் வைக்க விடாதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படிந்து லென்ஸுக்குள்ளேயே நீர் கோத்துவிடும். அப்பாவின் போனில் ஒரு மாதம் எல்லாப் படமும் புகை படிந்த மாதிரி வந்தது. தண்ணீரும் தூசியும் தாங்கும் என்பதற்கு ஐபி68 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. ஆவிக்கும் சோப்புத் தண்ணீருக்கும் அது உத்தரவாதம் இல்லை. தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலும் வாரண்டியும் கிடைக்காது.

பேட்டரி பற்றி எல்லோரும் குளிரைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். லித்தியம் பேட்டரிக்குக் குளிர் ஆகாது என்பது உண்மைதான், ஆனால் பெரிய கேடு 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடுவதில்தான். டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானல் ஏரிப் பக்கம் புல்லில் உறைபனி படியும். வீட்டுக்குள் அந்த அளவுக்கு இறங்காது. எங்கள் வீட்டில் சார்ஜைத் தின்பது குளிர் இல்லை, டவர்தான். டவர் பலவீனமாக இருந்தால் போன் தன் சக்தியைக் கூட்டிக் கூட்டித் தேடிக்கொண்டே இருக்கும். திண்டுக்கல்லில் ஒன்றரை நாள் நிற்கும் அதே போன் தோட்டத்தில் மத்தியானத்துக்கே படுத்துவிடுகிறது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்து கொடைக்கானல் வரைக்கும் வந்து ஆட்டியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மரங்கள் விழுந்து, கம்பி அறுந்து, கரண்ட் இல்லை. அப்பாவின் பட்டன் போன் நான்காம் நாளும் உயிரோடு இருந்தது. என் டச் போன் முதல் நாள் ராத்திரியே செத்துவிட்டது. அதனால்தான் அந்தப் பட்டன் போனை இன்னும் தூக்கிப் போடவில்லை.

இன்னொரு காரணம் ரேடியோ. அப்பாவுக்குக் களை எடுக்கும்போது கோடை பண்பலை 100.5 கேட்டாக வேண்டும். பல புதுப் போன்களில் எஃப்.எம். கிடையாது. ஹெட்போன் ஓட்டையை எடுத்துவிட்டார்கள், அந்த ஒயர்தான் ஏரியலாகவும் இருந்தது. பேரிடர் நேரத்துக்கு உதவும், போனில் எஃப்.எம். இருக்கட்டும் என்று ஒன்றிய மின்னணு அமைச்சகமே 2023-ல் தயாரிப்பாளர்களிடம் சொன்னது. அப்படியும் நான் வாங்கியதில் இல்லை, வாங்கும்போது பார்க்கவும் தோன்றவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தபோது அப்பா கேட்ட முதல் கேள்வியே "ரேடியோ எங்கடா?" என்பதுதான்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு வாங்கலாம் என்றால் ஆச்சரியப்படுவீர்கள். ஆனால் வாங்கலாம். எங்கள் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போகும். முன்பு மூட்டையை ஏற்றி மலை இறங்கிய பிறகுதான் அன்றைய விலை தெரியும். விலை சரியில்லை என்று மூட்டையைத் திருப்பி மேலே ஏற்றவா முடியும்? கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவார். இப்போது பூண்டைச் சாக்கில் பரப்பி, வெயிலில் வைத்துப் படம் எடுத்து, இரண்டு மூன்று மண்டிக்காரர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறார். தட்டச்சு செய்ய மாட்டார், எல்லாம் குரல் பதிவுதான். "பல்லு பெருசு, நல்லா காஞ்சது, என்ன வெலைக்கு எடுப்பீங்க?" விலை காதில் விழுந்த பிறகே வண்டிக்குச் சொல்கிறார். போனுக்குக் கொடுத்த பணம் எத்தனை நடையில் திரும்பி வந்தது என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருப்பார், என்னிடம் சொல்ல மாட்டார். கேமரா இதற்குப் போதுமானதாக இருந்தால் போதும். மேகமூட்டத்தில் எந்த மெகாபிக்சலும் வெள்ளையைத்தான் எடுக்கும்.

பணம் அனுப்பும் செயலியைப் போட்டுக் கொடுப்பதாக இருந்தால் அவருடைய முதன்மை வங்கிக் கணக்கோடு இணைக்காதீர்கள். தனியாக ஒரு கணக்கு, அதில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் வைக்க வேண்டாம். வாட்ஸப்பில் வரும் எந்தக் கோப்பையும் நிறுவக் கூடாது என்று ஒன்றுக்கு நாலு தடவை சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930. அதைப் பெயர் போட்டுச் சேமித்து வையுங்கள். ராத்திரி வீடியோ பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது பற்றி அம்மாவிடமிருந்து புகார் வரும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பட்டன் போன் சிம்முக்கு இணையத்தோடு சேர்ந்த திட்டம் போட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் கொண்டுவந்த விதிப்படி பேச்சு, குறுஞ்செய்திக்கு மட்டுமான திட்டமும் நிறுவனங்கள் தர வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: ஜியோவில் 2ஜி கிடையாது, பழைய 2ஜி பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது.

இப்போது எங்கள் வீட்டில் டச் போன் அடுப்பங்கரை மாடத்தில் இருக்கும், தோட்டத்துக்குப் போகிற சட்டைப் பையில் பட்டன் போன். நீங்கள் கடைக்குப் போகுமுன், மன்னவனூரில் வீட்டு வாசலில் எந்த சிம்முக்கு டவர் நிற்கிறது, தோட்டத்தில் எது நிற்கிறது என்று அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே, ரேடியோ வேண்டுமா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.