செய்திகள் தன்பாலீர்ப்பாளர், திருநர் பற்றிய பொதுக்கருத்தை எப்படி உருவாக்குகின்றன? இழிசொற்களைத் தவிர்த்தால் போதுமா?

போதாது. மரியாதையான சொற்களில் எழுதிய செய்தியும் கெடுதல் செய்யும். இவர்கள் எந்தச் சந்தர்ப்பத்தில் செய்திக்குள் வருகிறார்கள், அங்கே யார் பேசுகிறார் என்பதுதான் கருத்தை அதிகம் தீர்மானிக்கிறது. நேரில் யாரையும் அறியாத வாசகருக்குச் செய்தியில் வருகிற ஒருவரே மொத்தச் சமூகத்துக்கும் மாதிரியாகிவிடுகிறார். புள்ளிவிவரத்தைவிடத் தனிமனிதர் கதைதான் மனதில் தங்கும்.

நோய்ச் செய்திகளில் இதன் விளைவு அப்பட்டம். 1981 ஜூலை 3 அன்று நியூயார்க் டைம்ஸ், 41 தன்பாலீர்ப்பாளர்களிடம் அரிய புற்றுநோய் என்று தலைப்பிட்டது. 1982 செப்டம்பரில் எய்ட்ஸ் என்ற பெயர் வந்த பிறகும் ‘அவர்களுடைய நோய்’ என்ற எண்ணம் போகவில்லை. ஒரு பக்கம் வெறுப்பு வளர்ந்தது. மறுபக்கம், ரத்தம், ஊசி, ஆண்-பெண் உறவு வழியாகவும் தொற்றும் நோயை மற்றவர்கள் தங்களுக்கு வராது என்று நினைத்துக்கொண்டார்கள். 2022 மே மாதம் குரங்கம்மைச் செய்திகளிலும் இதே போக்கைப் பார்த்து ஐநா எய்ட்ஸ் அமைப்பு கண்டித்தது. அதற்காக, அப்போது பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்களுடன் உறவுகொள்ளும் ஆண்கள் என்பதை மறைப்பதும் தவறு; தடுப்பூசி யாருக்கு அவசரமாக வேண்டுமோ அவர்களுக்கே தகவல் போய்ச் சேராது. முதல் பத்தியில் எப்படிப் பரவுகிறது, அடுத்ததில் இப்போது யாரிடம் அதிகம், பிறகு எங்கே சிகிச்சை: இந்த வரிசையே சரி.

குற்றச் செய்திக்கு எளிய சோதனை உண்டு. ‘திருநங்கை கைது’ என்ற தலைப்பில் அடையாளத்தை எடுத்துவிட்டுப் படியுங்கள். ‘செல்போன் திருட்டு: ஒருவர் கைது’ என்று செய்தி முழுமையாக நின்றால், அடையாளத்துக்கு அங்கே வேலையில்லை. அவரே வெறுப்புத் தாக்குதலுக்கு ஆளானவர் என்றால் நிலைமை வேறு. அங்கே அடையாளம்தான் காரணம், எழுதியே ஆகவேண்டும். பல செய்திகளில் இது தலைகீழாக நடக்கிறது. போலீஸ் தரும் குறிப்பு அப்படியே அச்சேறுவதும் ஒரு காரணம்: பழைய பெயர், தவறான பால் விகுதி எல்லாம் அதிலிருந்தே வருகின்றன.

தற்கொலைச் செய்திதான் எனக்கு மிகவும் கவலை தருவது. ‘காதலுக்கு எதிர்ப்பு, இரு பெண்கள் தற்கொலை’ என்று மட்டும் படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு, தன் வாழ்க்கையின் முடிவும் இதுதான் என்று தோன்றும். முறையை விவரிக்கக் கூடாது, ஒற்றைக் காரணம் சொல்லக் கூடாது, உதவி எண் தரவேண்டும். இவை எல்லாத் தற்கொலைச் செய்திக்கும் பொது. இங்கே கூடுதலாக ஒன்று வேண்டும்: ஏற்றுக்கொண்ட குடும்பங்களோடு வாழ்பவர்களும் வேறொரு நாளில் செய்தியாக வேண்டும்.

அனுமதியின்றி அடையாளத்தை வெளியிடுவது உயிருக்கே ஆபத்து. 2010 அக்டோபரில் உகாண்டாவின் ரோலிங் ஸ்டோன் இதழ் (அமெரிக்க இதழோடு தொடர்பில்லாதது) தன்பாலீர்ப்பாளர் என்று சிலரின் பெயர், படம், முகவரிகளைப் போட்டுத் தூக்கிலிடச் சொன்னது. நீதிமன்றம் தடுக்க வேண்டியிருந்தது.

‘இரு தரப்பு’ விவாதங்களைப் பற்றி ஒரு வார்த்தை: ஒருவரின் வாழ்வுரிமைக்கு எதிராகப் பேச இன்னொருவரை உட்காரவைப்பது நடுநிலை ஆகாது.

நீங்கள் படிக்கும் நாளிதழைச் சோதிக்க, ஒரு மாதச் செய்திகளைக் குற்றம், நோய், வழக்கு, பேரணி, அன்றாட வாழ்க்கை என்று ஐந்தாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் சம்பந்தப்பட்டவர் தன் பெயரில் பேசியிருக்கிறாரா என்றும் குறியுங்கள். ‘அன்றாட வாழ்க்கை’ப் பிரிவு காலியாக இருந்தால் ஆசிரியருக்கு அந்தப் பட்டியலையே அனுப்புங்கள். பொதுவான கண்டனத்தைவிட அதற்குப் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.