பல்சக்கரைட்டுக்கு என்எம்ஆர் மட்டும் போதுமா?

"பற்றீரியா மேற்பரப்பிலுள்ள பல்சக்கரைட்டின் அமைப்பைக் காண என்எம்ஆர் இருக்கும்போது காரம், அமிலம், ஜிசி எல்லாம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல்சக்கரைட்டு என்றால் சீனி அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி; என்எம்ஆர் என்றால் காந்தப் புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பைப் பார்க்கும் முறை; ஜிசி என்றால் சேர்வைகளை ஆவியாக்கிப் பிரித்துப் பார்க்கும் கருவி. கையில் மாதிரி கொஞ்சம்தான், மேற்பார்வையாளரும் அவசரப்படுத்துகிறார் போல. நானும் அப்படித்தான் இருந்தேன்.

போதாது. சீனி அலகு டி வகையா எல் வகையா (ஒன்று மற்றதன் கண்ணாடி விம்பம்) என்பதை எஸ்-2-பியூட்டனோல் என்ற அல்ககோலுடன் வினைப்படுத்தி ஜிசியில் போட்டுத்தான் நான் உறுதிசெய்தேன். ஆனால் நான் அடிபட்டது வேறு இடத்தில்.

2022இல் கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில், தேயிலை மண்ணிலிருந்து எடுத்த ஒரு பற்றீரியாவில் வேலை செய்தேன். சுடு ஃபீனோலில் பிரித்து, 1 சதவீத அசற்றிக் அமிலத்தில் 100 பாகையில் கொதிக்கவைத்து லிப்பிட்டை, அதாவது கொழுப்புப் பகுதியை, கழற்றியாயிற்று. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ஃப்ரீஸ் டிரையர் பாதியில் நின்றது. பஞ்சு மாதிரி வரவேண்டியது குடுவைச் சுவரில் பிசினாக ஒட்டிக்கிடந்தது. சுரண்டி எடுத்தது 11 மில்லிகிராம்.

முதல் என்எம்ஆர் நிறமாலையில் 5 பிபிஎம் (உச்சிகளின் இடத்தைக் குறிக்கும் அளவு) பக்கம் ஒரே குழப்பம். காரம் சேர்த்தால் தெளியும் என்றார்கள். மொத்தத்தையும் போட்டேன். தெளிந்தது, மூன்று சீனி அலகு அழகாக வந்தது. அப்புறம் ஒருவர் பழைய நிறமாலையைப் பார்த்து, "2.1இல் இருந்த உச்சி எங்கே?" என்றார். ஓ-அசற்றைல், அதாவது சீனியில் ஒட்சிசன் வழியாக ஒட்டியிருக்கும் சிறு கூட்டம். காரத்தில் கழன்றுபோயிருந்தது. எந்தக் காபனில் இருந்தது என்று பார்க்க மாதிரி மிச்சமில்லை. வளர்ப்பிலிருந்து திரும்பத் தொடங்கினேன்.

இரு பரிமாண என்எம்ஆரில் இணைப்பும் வரிசையும் தெரியுமே என்று சிலர் சண்டைக்கு வரலாம். தெரியும், நான் மறுக்கவில்லை. அசற்றைல் எங்கே என்பதும் அதில்தான் தெரியும், ஆனால் காரம் படாத மாதிரி வேண்டும். அது சின்ன விஷயமும் இல்லை. நெருப்புக் காய்ச்சல் (டைபாய்டு) தடுப்பூசியிலுள்ள விஐ என்ற பல்சக்கரைட்டில் அசற்றைல் போனால் நோயெதிர்ப்பைத் தூண்டும் திறன் பெரிதும் குறைந்துவிடும். பீலித் தண்ணியால் அந்தக் காய்ச்சலில் படுத்தவர்களை எங்கள் லயத்திலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே 3 மில்லிகிராமையாவது காரம் படாமல் தனியாக எடுத்துவையுங்கள்.

இதையும் சொல்லவேண்டும். எங்கள் தோட்டப் பாடசாலையில் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு இல்லை. விடிய ஐந்தரை பஸ்ஸில் டவுனுக்குப் போய்த்தான் இரசாயனவியல் படித்தேன். இப்போது அக்கா மகளும் அதே பஸ்ஸில்தான் போகிறாள்.