பெட்டியைத் திறக்காமல் பிளக்கைக் குத்தாதீர்கள்
வாசகர் கேள்வி – பதில்: பழைய டிஜிட்டல் மல்டிமீற்றர்கள்

சென்ற இதழில் பழைய அளவுகருவிகள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: "வாங்கும்போது ஒழுங்காகக் காட்டியது, வீட்டுக்கு வந்தபிறகு தடுமாறுகிறது." கொழும்பின் உப்புக்காற்றுக்கும் ஈரத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கே: ஒரு அலுவலகத்தின் கழிவு ஏலத்தில் ஃபுளூக் 8050ஏ மேசை மீற்றர் ஒன்று கிடைத்தது. பல வருடம் பெட்டியிலேயே கிடந்ததாம். உடனே மெயின்ஸில் போட்டுப் பார்க்கலாமா?
– எஸ்.ஆர்., கொட்டாஞ்சேனை

ப: வேண்டாம். முதல் வேலை மூடியைக் கழற்றுவது. இந்த வகை மீற்றர்கள் சிலவற்றில் நிக்கல்-காட்மியம் பற்றரித் தொகுதியும் சேர்ந்து வரும். நீண்ட நாள் கிடந்தால் அது கசியும். பச்சையும் வெள்ளையுமான பொருக்கு போர்டில் படர்ந்திருக்கும். பற்றரிக்குப் போகும் வயரைப் பிளாஸ்டிக் உறை நீக்கிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் காரம் வயருக்குள் ஏறிவிட்டது என்று அர்த்தம். பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள், அல்லது வயரையே மாற்றுங்கள். கறுத்த செம்பில் ஈயம் (சோல்டர்) ஒட்டவே ஒட்டாது.

கசிந்தது பொட்டாசியம் ஐதரொட்சைட்டு, அதாவது காரம். நிறமில்லாத வினாகிரியைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடையுங்கள். தென்னை வினாகிரி வேண்டாம், அதிலுள்ள மற்றப் பொருட்கள் போர்டில் தங்கிவிடும். பிறகு காய்ச்சி வடித்த நீர், அதற்குப் பிறகு 99 வீத ஐசோபுரொப்பைல் அல்கஹோல். இந்த வரிசையை மாற்றாதீர்கள், வினாகிரியைக் கழுவாமல் விட்டால் அதுவே செம்பை அரிக்கும். சாதாரண சிங்க்-காபன் பற்றரி கசிந்திருந்தால் கதை தலைகீழ்: அந்தக் கசிவு அமிலத்தன்மை உள்ளது, அதற்கு அப்பச்சோடாக் கரைசல் வேண்டும். அல்கலைன் பற்றரிக்கு மறுபடி வினாகிரிதான்.

பற்றரித் தொகுதியைத் தூக்கி எறிந்துவிட்டு மெயின்ஸில் மட்டும் ஓட்டலாம் என்று தோன்றும். சேர்விஸ் மனுவலைப் பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள். சில மீற்றர்களில் உள்ளே வோல்டைக் கட்டுக்குள் வைத்திருப்பதே அந்தப் பற்றரிதான். அதை எடுத்துவிட்டால் வோல்ட் எகிறி ஐசிகளுக்கு ஆபத்து.

அடுத்தது மெயின்ஸ் பக்கம். அமெரிக்காவிலிருந்து வந்த மீற்றர் 115 வோல்டுக்கு அமைக்கப்பட்டிருக்கலாம். பின்புறத் தகட்டையும், ஸ்விட்ச் அல்லது ஜம்பர் நிலையையும் பார்த்து 230க்கு மாற்றுங்கள். மாற்றும்போது பியூஸையும் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறப்பார்கள்: இரண்டு மடங்கு வோல்டுக்குப் பாதி அம்பியர். ஐரோப்பிய மீற்றர்களில், உதாரணமாக சொலாட்ரன் 7150இல், மெயின்ஸ் நுழையும் இடத்தில் தேன் நிற உறை போட்ட, ரிஃபா என்ற நிறுவனத்தின் கபாசிற்றர் இருக்கிறதா என்று பாருங்கள். உறையில் மயிரிழை வெடிப்பு இருந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது. மின் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் வெடித்து, நாற்றமும் புகையும் அறையை நிறைக்கும். அதே பெறுமானத்தில், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 (மெயின்ஸுக்கான பாதுகாப்பு வகை) என்று அச்சிட்ட பிலிம் கபாசிற்றர் போடுங்கள். 400 வோல்ட் டிசி என்று எழுதிய சாதாரணக் கபாசிற்றர் அதற்கு மாற்றல்ல. மெயின்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருப்பது வை வகை. அங்கே எக்ஸ் வகையையும் போடக்கூடாது.

எல்லாம் முடிந்தபின் 40 வோட்ஸ் இழை பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்து மின் கொடுங்கள். பல்ப் பளீரென்று எரிந்தால் உள்ளே ஷோர்ட், உடனே நிறுத்துங்கள். மங்கலாகவோ எரியாமலோ இருந்தால் தொடரலாம். 40 வோட்ஸ் கிடைக்காவிட்டால் குளிர்சாதனப் பெட்டிக்குள் போடும் 15 வோட்ஸ் இழை பல்ப் போதும், இந்த மீற்றர்கள் இழுப்பது சில வோட்ஸ்தான்.

கே: 1980களில் வந்த 3½ இலக்கக் (1999 வரை காட்டும்) கைமீற்றர். வயரை ஒன்றிலும் தொடாமல் வைத்தாலும் எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. மழை நாளில் இன்னும் மோசம். ஐசி போய்விட்டதா?
– ம.நி., வெள்ளவத்தை

ப: வயர் திறந்திருக்கும்போது மில்லிவோல்ட் அளவில் எண் ஓடுவது இயல்பு. 10 மெகாஓம் உள்ளீடு காற்றிலுள்ள மெயின்ஸ் இரைச்சலையும் பிடிக்கும். இரண்டு வயரையும் ஒன்றாகத் தொட்டதும் 00.0 வந்து நின்றால் அதுவரை குற்றமில்லை.

உண்மையான சோதனை இது. ஒரு 9 வோல்ட் பற்றரியை நேரே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து 1 மெகாஓம் றெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து மறுபடி அளவுங்கள். உள்ளீடு 10 மெகாஓம் என்றால் முதல் எண்ணின் 10/11 பங்கு வரவேண்டும்: 9.00 வோல்ட் 8.18 ஆகக் குறையும். 7.9 என்றோ அதற்குக் கீழேயோ வந்தால், றெசிஸ்டர் சரியாக இருக்கும்பட்சத்தில், போர்டில் எங்கோ மின் ஒழுகுகிறது. றெசிஸ்டரைக் கையால் பிடிக்காதீர்கள். ஈர விரல் ஒரு மெகாஓமை இலகுவாகக் குறைத்துக் காட்டும். இதே சோதனையை மழை பெய்த மாலையிலும், குளிரூட்டிய அறையில் அரை நாள் வைத்த பிறகும் செய்து பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் குற்றவாளி ஈரம்.

ஒழுகுமிடம் பெரும்பாலும் இரண்டு: உள்ளீட்டுப் பிரிப்பான் றெசிஸ்டர்களின் அடி, சுழல் ஸ்விட்ச்சின் தகடு. முன்னர் யாரோ பழுதுபார்த்து விட்டுப்போன பிளக்ஸ் (ஈயம் ஒட்டப் பூசும் பசை), விரல் எண்ணெய், தூசி மூன்றும் சேர்ந்து ஈரத்தை உறிஞ்சும். எல்சிடியைக் கழற்றி வைத்துவிட்டு, மென்மையான தூரிகையாலும் அல்கஹோலாலும் இரண்டு தடவை கழுவுங்கள். ஒரு தடவை கழுவினால் அழுக்கு கரைந்து பரவும், அவ்வளவுதான். இரண்டாம் தடவைதான் அதை வெளியே கொண்டுபோகும். பிறகு 50 பாகை செல்சியஸுக்கு மேற்படாமல் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்துங்கள். ஸ்விட்ச்சில் டபிள்யூடி-40 அடிப்பவர்களும் உண்டு. அதன் எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்து, சில மாதத்தில் பழைய நிலையைவிட மோசமாக்கும்.

கழுவியும் கடைசி இலக்கம் ஆடினால் ஐசியைச் சுற்றிப் பாருங்கள். அந்தக் காலக் கைமீற்றர்களில் பெரும் பகுதி இன்டர்சில் ஐசிஎல்7106, 40 கால் ஐசி. 200 மில்லிவோல்ட் அமைப்பில் அதைச் சுற்றி இருக்கவேண்டியவை: தொகையீட்டுக் கபாசிற்றர் 0.22 மைக்ரோஃபரட், அதன் றெசிஸ்டர் 47 கிலோஓம், தன்பூச்சியக் (ஓட்டோ ஸீரோ) கபாசிற்றர் 0.47, ஆதாரக் கபாசிற்றர் 0.1. முதலாவது பொலிப்புரொப்பிலீன் வகையாக இருப்பது முக்கியம். யாராவது செராமிக் போட்டிருந்தால் பற்றரியை ஒரு திசையில் வைத்து அளந்ததும், வயரை மாற்றி அளந்ததும் ஒன்றாக வராது. கடைசி இலக்கத்தில் ஒரு எண் வித்தியாசம் பொறுக்கலாம், நாலைந்து என்றால் அந்தக் கபாசிற்றரை மாற்றுங்கள்.

இன்னொன்று. இந்த ஐசி உள்ளீட்டை 4000 கடிகாரத் துடிப்புகள் கூட்டிப் பார்க்கும். பலர் போட்டிருக்கும் 48 கிலோஹேர்ட்ஸில் அது 83.3 மில்லிசெக்கன், அதாவது 60 ஹேர்ட்ஸ் மெயின்ஸின் சரியாக 5 சுற்று. நம்முடைய 50 ஹேர்ட்ஸுக்கு அது 4.17 சுற்று, மெயின்ஸ் இரைச்சல் முழுதாகக் கழியாது. 40 கிலோஹேர்ட்ஸுக்கு இறக்கினால் 100 மில்லிசெக்கன்: 50க்கும் 60க்கும் இரண்டுக்கும் முழுச் சுற்று. கடிகார வேகத்தைத் தீர்மானிக்கும் 100 பிக்கோஃபரட் கபாசிற்றரை அப்படியே விட்டு, 100 கிலோஓம் றெசிஸ்டரை ஏறத்தாழ 110 ஆக்கிப் பாருங்கள், கடிகாரத்தை ஒசிலோஸ்கோப்பில் சரிபார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறையுங்கள். கடிகாரம் மெதுவானால் தொகையீட்டுக் கபாசிற்றர் 0.27 ஆகவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அலை மேல் விளிம்பில் முட்டும்.

கே: எல்சிடியில் சில கோடுகள் வரவில்லை.
– இ., தெஹிவளை

ப: மெல்ல அழுத்தினால் வருகிறதா? வந்தால் கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவில் உள்ள கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட இறப்பர்ப் பட்டி அழுக்கேறியிருக்கிறது. பட்டியையும் போர்டின் தங்கத் தடங்களையும் அல்கஹோலால் துடைத்து, திசை மாறாமல் மறுபடி வையுங்கள். தடங்களைச் சுரண்டாதீர்கள். ஓரத்திலிருந்து கறுப்பு மை பரவுவதுபோல் தெரிந்தால் கண்ணாடி கசிந்துவிட்டது, அதற்கு மருந்தில்லை. வேறொரு செத்த மீற்றரிலிருந்து எடுத்தால்தான் உண்டு.

கே: எச்பி 3478ஏ வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் லித்தியம் பற்றரியை மாற்றச் சொல்கிறார்கள். கடையில் கொடுத்தால் போதுமா?
– கே.பி., வத்தளை

ப: அவசரப்படாதீர்கள். இந்த 5½ இலக்க மீற்றரின் திருத்த (கலிபிரேஷன்) எண்கள் முழுவதும் ஒரு நினைவக ஐசியில், அந்த 3 வோல்ட் பற்றரியின் தயவில்தான் இருக்கின்றன. ஒரு நொடி மின் போனாலும் மீற்றர் தன் அளவை மறந்துவிடும். மறுபடி திருத்த ஆயிரக்கணக்கில் ரூபா செலவாகும்.

ஜிபிஐபி (அளவுகருவியைக் கணினியோடு இணைக்கும் முறை) இணைப்பி கிடைத்தால் முதலில் அந்த 256 இடங்களையும் கணினியில் படித்துச் சேமியுங்கள். 'டபிள்யூ' கட்டளைதான் படிப்பதற்கு, 'எக்ஸ்' எழுதுவதற்கு, இரண்டையும் குழப்பாதீர்கள். முன்பக்கத்தில் ஸ்குரூ டிரைவரால் திருப்பும் திருத்த ஸ்விட்சைத் தொடவேண்டாம்.

மாற்றும் முறை: மெயின்ஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். புதிய ஏஏ பற்றரி இரண்டை ஹோல்டரில் போட்டு, 1 கிலோஓம் றெசிஸ்டருடன், நேர் மறை பார்த்து பழைய பற்றரியின் தடங்களுக்குச் சமாந்தரமாக ஈயம் வைத்து இணையுங்கள். நினைவகம் இழுப்பது மைக்ரோஅம்பியர் கணக்கு, 1 கிலோஓம் அதற்குத் தடையில்லை. ஆனால் தவறுதலாக ஷோர்ட் ஆனால் அது காப்பாற்றும். பிறகு பழையதைக் கழற்றி, கால் வைத்த புதியதைப் போட்டு, அளந்து பார்த்து, கடைசியாக ஹோல்டரை எடுங்கள். சோல்டரிங் அயனைச் சூடாக்கியபின் அதன் பிளக்கை இழுத்துவிட்டே தொடுங்கள், எர்த் செய்த முனை வேண்டாத பாதையைத் திறக்கும். நேராகப் பற்றரியின் உடலில் ஈயம் வைப்பது ஒருபோதும் கூடாது. கடைக்காரர் இதைச் செய்வார் என்று நம்பி விட்டுவராதீர்கள். அநேகர் பழையதை முதலில் பிடுங்குவார்கள்.

கே: அம்பியர் பியூஸ் எரிந்துவிட்டது. கண்ணாடிப் பியூஸ் போடலாமா? வீட்டு மின் பலகையில் இந்த மீற்றரைப் பாவிக்கலாமா?
– ஏ.எம்., மருதானை

ப: இரண்டுக்கும் இல்லை. கண்ணாடிப் பியூஸ் பெரிய மின்னோட்டத்தில் உடைந்து, ஆவியான உலோகம் வழியாகவே மின் தொடரும். மணல் நிரப்பிய செராமிக் பியூஸ், மீற்றரில் எழுதிய அதே வோல்ட், அதே அம்பியர். விலை அதிகம், ஆனால் அந்தப் பணத்தைச் சேமிக்கக்கூடாது. பழைய மீற்றர்களில் இன்றைய கேட் பிரிவு (எந்த இடத்து மின்னில் பாதுகாப்பாக அளக்கலாம் என்ற தரம்) கிடையாது. அந்த எண்ணம் ஐஇசி 1010 என்ற பாதுகாப்பு நியமம் வந்தபிறகுதான். மின் பலகைக்குப் புதிய கேட் III மீற்றர் ஒன்றை வைத்துக்கொண்டு, பழையதை மேசையில் குறைந்த வோல்ட் வேலைக்கு வையுங்கள்.

கே: சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?
– த.சி., பம்பலப்பிட்டி

ப: ஏடி584 ஐசி வைத்த ஆதார வோல்ட் போர்டு மலிவாக வருகிறது, 2.5, 5, 7.5, 10 வோல்ட். 'கே' தரம் என்றால் 10 வோல்டில் 10 மில்லிவோல்ட் பிழை வரலாம். 20 வோல்ட் அளவில் 3½ இலக்க மீற்றருக்கு அது ஒரே எண், தாராளம். 4½ இலக்கத்துக்கு 10 எண், போதாது. போர்டில் ஒட்டிய கையெழுத்து எண்ணை எந்த மீற்றரில், எந்த வெப்பநிலையில் எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதை வைத்து மீற்றரின் ட்ரிம்பொட்டை (அளவைத் திருத்தும் சின்னத் திருகு) திருகாதீர்கள். ஓம் அளவுக்கு 0.1 வீத உலோகப் படல றெசிஸ்டர் 100 ஓம், 10 கிலோஓம், 1 மெகாஓம் மூன்று போதும்.

வெப்பநிலையையும் பாருங்கள். மனுவல்கள் துல்லியத்தைப் பொதுவாக 18 முதல் 28 பாகை வரைக்குத்தான் தருகின்றன. விசிறி மட்டும் ஓடும் கொழும்பு அறை 31 பாகை. அங்கே வந்த வித்தியாசத்தைப் பார்த்து மீற்றரைக் குறை சொல்ல முடியாது. குளிரூட்டிய அறையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு அளவுங்கள். நிறைய மீற்றர் சேர்த்தவர்கள் அவற்றில் மிக உறுதியானதை மட்டும் ஹோமாகமவிலுள்ள அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தில் காட்டிச் சான்றிதழ் வாங்கி, மற்றவற்றை அதோடு ஒப்பிடலாம்.

கே: முதல் மீற்றராக எதை வாங்குவது?
– ஜே., கிருலப்பனை

ப: 1983இல் வந்த ஃபுளூக் 70 வரிசை, குறிப்பாக 77. 3200 எண் வரை காட்டும், பழுதாக உள்ளே அதிகமில்லை. 1977இன் 8020ஏ சேகரிப்புக்கு அழகு. 8060ஏ கண்டால் உள்ளே திறக்காமல் காசு கொடுக்காதீர்கள்: அதன் சின்ன எலெக்ட்ரோலிட்டிக் கபாசிற்றர்கள் கசிந்து போர்டை அரிக்கும், கசிவு தெரிந்தால் பாதி விலைக்குப் பேசுங்கள். நிக்ஸி குழாய் (எண்கள் ஒளிரும் கண்ணாடிக் குழாய்) மீற்றர்களில் குழாய்களுக்கு 170 வோல்ட் அளவில் ஓடும், பழகியபின் வாங்கலாம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கோ வேறு எங்கோ பார்க்கப் போகும்போது 9 வோல்ட் பற்றரி ஒன்று, 1 மெகாஓமும் 1 கிலோஓமும் ஆக இரண்டு றெசிஸ்டர், ஒரு துண்டு வயர் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பற்றரி மூடியைத் திறந்து கம்பிச் சுருளைப் பாருங்கள், வோல்டும் ஓமும் அளவுங்கள், ஸ்விட்சை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு தடவை திருப்புங்கள், மேலே சொன்ன 10/11 சோதனையைச் செய்யுங்கள். ஓம் அளவில் வைத்து, வோல்ட் துளையில் இருக்கும் வயரின் மறு முனையை மில்லிஅம்பியர் துளையில் செருகினால் சில ஓம் காட்டவேண்டும். காட்டாவிட்டால் பியூஸ் எரிந்திருக்கிறது, அதையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.